ஐஸா, வெந்நீர் ஒத்தடமா, கரண்ட் சிகிச்சையா?

• கணுக்கால் பிசகி வீங்கினால் முதல் 2 நாட்களுக்கு ஐஸ் ஒத்தடம். மெல்லிய துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் புண்ணாகும்.

• நாள்பட்ட கழுத்து, இடுப்பு இறுக்கத்துக்குச் சூடு இதம் தரும். பொறுக்கும் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் போதும். புதிதாக வீங்கிய இடத்தில் வேண்டாம்.

• சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் தாமாக ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சுட்டாலும் தெரியாது.

• ‘டென்ஸ்’ கருவி தோல் வழியே மெல்லிய மின்துடிப்பை அனுப்பி வலியைத் தணிக்கும். எரிந்தால் உடனே பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

• பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் கரண்ட் வைப்பதற்கு முன்பே அதைத் தெரிவிப்பது அவசியம்.

• வலி குறைந்ததும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சியை நிறுத்தாதீர்கள். தசைக்குப் பலம் தருவது அதுதான்.