எந்தத் தெருவில் தொடங்குவது?

கேள்வி: சமூகவியல் முதுகலை படிக்கிறேன். சாதி ஏற்றத்தாழ்வையும் குடும்பங்களின் முன்னேற்றத்தையும் ராஜபாளையம் பக்கம் ஆய்வு செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்?
- வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: சத்திரப்பட்டிக்குப் பஸ் ஏறுங்கள். பேண்டேஜ் துணி நெய்யும் வீடொன்றில் மூன்று தலைமுறையை விசாரியுங்கள்: தாத்தாவுக்கு என்ன வேலை, அப்பா எதுவரை படித்தார், பேத்தி எங்கே போகிறாள்? தறிச் சத்தத்தில் காதருகே வந்துதான் பேசுவார்கள், அவசரப்படாதீர்கள்.

எந்தத் தெருவில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமமொன்றின் அக்ரஹாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். அந்த ஆய்வைப் பற்றி அவர் எழுதி 1965இல் வெளிவந்த நூல் இன்றும் வகுப்புகளில் பாடம். ஆனால், அக்ரஹாரத்தில் குடியிருந்ததாலேயே ஆதிதிராவிடர் தெருவுக்கு அவரால் தாராளமாகப் போய்வர முடியவில்லை. சத்திரப்பட்டியில் நீங்கள் அப்படிப்பட்ட தெருவிலிருந்தே தொடங்குங்கள்.