பாட்டி கடக்க எத்தனை விநாடி?

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ பாடம் நடத்தும்போது, வேகம் = தொலைவு ÷ காலம் என்பதை மாணவர்கள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ரயில், கார் கணக்குகளையும் போட்டுவிடுகிறார்கள். இது எதற்குப் பயன்படும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். இந்த ஆண்டு, பள்ளிக்கு அருகில் உள்ள சிக்னலை வைத்து அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்தேன்.

முதலில் விளையாட்டுத் திடல். சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர், நான்கு தடச் சாலைக்கு 14 மீட்டர். அந்த இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, புத்தகப் பையுடன் நடக்கச் சொன்னேன். முதல் முறை எல்லோரும் ஓடினார்கள். “ரோட்லயும் இப்படித்தானே டீச்சர் போவோம்” என்றாள் ஒருத்தி. (அதையும் குறித்துக்கொண்டேன்.) நடந்தபோது பெரும்பாலோருக்கு 11, 12 விநாடி ஆனது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர். சிக்னல் நேரத்தைக் கணக்கிட இந்திய சாலைகள் காங்கிரஸ் எடுத்துக்கொள்ளும் நடைவேகமும் இதுதான் என்றதும், தாங்களே கண்டுபிடித்தது போல மகிழ்ந்தார்கள்.

மாலையில் பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டியை நடந்து காட்டச் சொல்லிக் கேட்டோம். 20 விநாடி.

மறுநாள் தலைமையாசிரியரின் அனுமதியுடன் சிக்னலுக்குச் சென்றோம். நடைபாதையை விட்டு யாரும் இறங்கவில்லை. பச்சை மனிதன் ஒளிரும் நேரத்தை ஐந்து முறை அளந்தோம்: 15 விநாடி. பாட்டியின் வேகம் 14 ÷ 20 = 0.7. அப்படியானால் 15 விநாடியில் அவர் கடப்பது 10.5 மீட்டர். மீதி 3.5 மீட்டர், சரியாக ஒரு தடம். கரும்பலகையில் விடை வந்ததும் பேத்தி கேட்டாள்: “அப்போ வண்டி கிளம்பும்போது ஆயா கடைசித் தடத்துல இருப்பாங்களா டீச்சர்?”

என்ன செய்யலாம் என்று மாணவர்களிடமே கேட்டேன். நேரத்தைக் கூட்டலாம் என்றார்கள். அமெரிக்காவில் விநாடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை 2009இல் 3.5 அடியாகக் குறைத்ததும் மெதுவாக நடப்பவர்களுக்காகத்தான். சாலை நடுவே நிற்கத் திட்டு இருந்தால் ஏழு ஏழு மீட்டராக இருமுறை கடக்கலாம் என்றான் ஒருவன். இது எனக்கே தோன்றவில்லை. பச்சை மனிதன் ஒளிரும்போதே இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் குறுக்கே வருவதையும் பலர் குறித்திருந்தார்கள். நியூயார்க் போன்ற நகரங்களில் வண்டிகளுக்குப் பச்சை விழும் முன்பே, சில விநாடிகள் நடப்பவர்களுக்கு வழி விடுகிறார்கள். திரும்பும் ஓட்டுநர் கண்ணில் படும்படி அவர்கள் அதற்குள் சாலையில் இறங்கியிருப்பார்கள்.

“அஞ்சு விநாடி கூட்டினா எங்க பஸ் லேட் ஆகுமே” என்றான் பேருந்தில் வரும் மாணவன். நல்ல கேள்வி. சிக்னலின் ஒரு முழுச் சுற்று 120 விநாடி என்று அளந்திருந்தோம். அதில் 5 விநாடி எத்தனை சதவீதம் என்பது அன்றைய வீட்டுப்பாடம். அளவீடுகளை அட்டவணையாக்கி மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்தைத் தானே போடுவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.