பேரம் பேசாத ஆளிடம் உஷார்!

பழைய பொருள் வாங்க வருகிறவர் முதலில் செய்கிற காரியம் குறை சொல்வது. "ஓரத்துல ஸ்கிராட்ச் இருக்கே", "பேட்டரி ஹெல்த் எவ்வளவு?", "பில் இருக்கா?", "சார்ஜர் ஒரிஜினல்தானே?" என்று அடுக்குவார். அத்தனைக்கும் பதில் சொல்லி முடித்தால், போட்ட விலையில் பாதியைக் கேட்பார். எரிச்சல்தான். ஆனால் உண்மையாக வாங்க வந்தவர் அவர்தான். விளம்பரம் ஏறிய சில நிமிடங்களில் அழைத்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல், "சொன்ன ரேட்டுக்கே எடுத்துக்கறேன் சார், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, இப்பவே அட்வான்ஸ் போடறேன்" என்கிறாரே, அவரிடம்தான் கவனம் வேண்டும். பணமே கொடுக்கப்போவதில்லை என்றால் பேரம் எதற்கு?

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் பழைய மொபைல், லேப்டாப், கேமரா விற்பதைப் பலர் இன்று பகுதிநேரத் தொழிலாகவே செய்கிறார்கள். சிறு அலுவலகங்களில் "அந்தப் பழைய லேப்டாப்பையெல்லாம் நெட்ல போட்டு வித்துடுப்பா" என்று யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. இரு சாராருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் நல்லவரா, கெட்டவரா என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். நம்பவைப்பதுதான் மோசடிக்காரரின் தொழில். அதில் அவர் நம்மைவிடத் தேர்ந்தவர். யாராக இருந்தாலும் ஒரே நடைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வரவேண்டும். பொருளைச் சோதித்துப் பார்க்கவேண்டும். சொந்தக் கணக்கிலிருந்து பணம் போடவேண்டும். ரசீதில் கையெழுத்துப் போடவேண்டும். இந்த நான்கில் ஒன்றாவது மோசடிக்காரருக்கு ஒத்துவராது. அவராகவே கழன்றுகொள்வார்.

பணம் வாங்க பின் எதற்கு?

இருப்பதிலேயே பழைய கதை ராணுவ வீரர் கதை. "நான் ஆர்மியில இருக்கேன் சார். பரங்கிமலையிலிருந்து ஜம்முவுக்கு டிரான்ஸ்ஃபர். நேர்ல வரமுடியாது, எங்க வண்டி வந்து பொருளை எடுத்துக்கும்." அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை, சீருடைப் படம், ஆதார் நகல் எல்லாம் வந்து விழும். நீங்கள் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்காமலே ஆதாரை அனுப்புகிறவர் அனுப்புவது வேறு எவருடைய ஆதாராகவோ இருக்கும்.

பிறகு, "எங்களது மிலிட்டரி அக்கவுன்ட். நீங்க முதல்ல 1 ரூபாய் அனுப்புங்க, 2 ரூபாயாத் திரும்பி வரும்" என்பார். அனுப்பினால் 2 ரூபாய் வந்தும் விடும். அந்தத் தெம்பில் அடுத்து 15,000 ரூபாய்க்கு ஒரு கியூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்." ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் ஏறாது, இறங்கும்.

யுபிஐயில் பின் எண் கேட்பது நம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கும் இருப்பு பார்ப்பதற்கும்தான். பணம் நமக்கு வருவதற்கு நாம் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. இந்த வகை ஏமாற்றைத் தடுக்கத்தான் அது. ஆனால் கியூஆர் கோடு இன்னும் இருக்கிறது. ஆகவே வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. "உங்க போன்ல ஏதோ பிரச்னை, எனிடெஸ்க் போடுங்க, நான் சரிபண்ணித் தரேன்" என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். திரையைப் பகிரும் அந்தச் செயலி வழியாகப் பணம் பறிபோவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

இது எங்கோ ஒரு தனியாள் செய்கிற திருட்டு என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வர், ஹரியானாவின் நூஹ் பகுதிகளில் இதைக் கூட்டம் கூட்டமாகச் செய்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஹரியானா போலீஸார் சுமார் 5,000 பேர் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் இரவோடு இரவாகச் சோதனை போட்டார்கள். இந்தக் கூட்டத்தினர், என்ன கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் பேசிப் பேசிப் பழகியவர்கள். அவர்களைக் கேள்வி கேட்டு மடக்கிவிடலாம் என்று இறங்குவது வீண்வேலை. எண்ணை பிளாக் செய்யுங்கள், தளத்தில் புகார் அழுத்துங்கள், அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது

நேரில் வருகிறவரிடமும் கண் இருக்கட்டும். போன்பே, பேடிஎம் போலவே தோற்றமளிக்கும் போலிச் செயலிகள் உலாவுகின்றன. உங்கள் எண்ணைப் போட்டு, தொகையைப் போட்டு, பச்சை டிக் அடித்து, சத்தம்கூட வரும். பணம் மட்டும் வராது. எழுத்துரு சரியா, தேதி சரியா என்று அந்தத் திரையை ஆராய்ச்சி செய்யாதீர்கள். அவர் போனைப் பார்க்கவே தேவையில்லை. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது. "சர்வர் ஸ்லோ சார், 2 மணி நேரத்துல வந்துடும்" என்றால் "வந்ததும் பொருளை வாங்கிக்குங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இதில் யார் மனமும் புண்படாது.

எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். வங்கியின் செய்தி 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1,200 போட வேண்டிய இடத்தில் 12,000 போட்டுவிட்டதாக எஸ்எம்எஸ் வரும். அடுத்து பதற்றமான குரல்: "தெரியாம ஒரு சைபர் கூடிப்போச்சு சார், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்சிருந்த பணம், மீதியைத் திருப்பி விடுங்க." வராத பணத்தை நம் கையிலிருந்து திருப்பித் தர வைக்கும் வித்தை அது. நம் இரக்கத்தைத்தான் அவர் விலை பேசுகிறார்.

உண்மையாகவே வந்த பணத்திலும் வில்லங்கம்

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத ஆபத்து வேறொன்று. பணம் நிஜமாகவே கணக்கில் ஏறும், பொருளும் சரியாகக் கைமாறும், சில நாள் கழித்து உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும்.

நடப்பது இதுதான். நீங்கள் ஒரு கேமராவை 38,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறீர்கள். மோசடிக்காரர் உங்களிடம் விலை பேசி முடிக்கிறார். அதே நேரத்தில் வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம், இல்லாத ஒரு பொருளை விற்பதாகச் சொல்லி, பணம் போடுவதற்கு உங்கள் யுபிஐ ஐடியைக் கொடுக்கிறார். அந்த அப்பாவி 38,000 ரூபாயை உங்கள் கணக்கில் போடுகிறார். உங்களிடம் ஆளை அனுப்பிக் கேமராவை எடுத்துக்கொண்டு மோசடிக்காரர் மறைந்துவிடுகிறார். பொருள் வராதவர் புகார் கொடுக்கிறார். பணம் போன தடம் நேராக உங்கள் கணக்கில் வந்து நிற்கிறது. காவல்துறை கேட்டுக்கொண்டதும் வங்கி அந்தத் தொகையையோ, சில சமயம் முழுக் கணக்கையுமோ நிறுத்திவைக்கிறது. சம்பளம் வரும் கணக்காக இருந்தால் அந்த மாத வாடகையும் இஎம்ஐயும் அந்தரத்தில் தொங்கும். சொத்தைக் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தருவது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106-ஆம் பிரிவு. வழக்கு பதிவானது வேறு மாநிலத்தில் என்றால் பேச வேண்டிய அதிகாரியும் அங்கேதான் இருப்பார்.

தற்காப்பு எளிது. எதிரில் நிற்பவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். "மச்சான் அக்கவுன்ட்லேர்ந்து போடச் சொல்றேன்", "எங்க கம்பெனி கணக்குலேர்ந்து வரும்" என்பவற்றுக்கெல்லாம் ஒரே பதில்: "உங்க கணக்குக்கு வாங்கி, நீங்களே போடுங்க." யுபிஐ ஐடியையோ கியூஆர் கோடையோ முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவர் நேரில் வந்தபின் உங்கள் திரையில் காட்டி, உங்கள் கண் முன்னால் அவர் போனில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள், சம்பளக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது ரசீது. ஒரு வெள்ளைத்தாள் போதும். பொருளின் பெயர், ஐஎம்இஐ அல்லது சீரியல் எண், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், வாங்குபவர் பெயர், மொபைல் எண், இருவர் கையெழுத்து. இரண்டு பிரதி. அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் விற்கப் போனால் பில்லும் அடையாள அட்டை நகலும் கேட்கிற கடைக்காரர்கள் உண்டு. நாளைக்குக் கேள்வி வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பழைய போன் நாளை ஏதாவது குற்றத்தில் பிடிபட்டால், ஐஎம்இஐயை வைத்து முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள். அன்றைக்கு அந்தத் தாள்தான் பேசும். விளம்பரத்தையும் சாட்டையும் அழித்துவிடாமல் படமெடுத்து வைத்திருங்கள்.

கைமாறும் அந்த 10 நிமிடம்

வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். வங்கிக் கிளை, மெட்ரோ நிலையம், கூட்டமுள்ள காபிக் கடை, பகல் நேரம். விற்கும் போனிலிருந்து சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள், வங்கிச் செயலிகளை நீக்கிவிடுங்கள். சோதித்துப் பார்க்க நேரம் கொடுங்கள், ஆனால் பொருள் உங்கள் பார்வையை விட்டுப் போகக்கூடாது. "கார்ல அண்ணன் இருக்கார், காட்டிட்டு வந்துடறேன்" என்று எடுத்துப்போய், "வேணாம்னுட்டார் சார்" என்று திருப்பித் தரும்போது அதே மாடலில் செத்துப்போன வேறு போன் உங்கள் கைக்கு வரலாம். திரும்ப வாங்கியதும் *#06# அழுத்தி ஐஎம்இஐயை ஒப்பிட்டுவிடுங்கள். லேப்டாப் என்றால் ரேம், எஸ்எஸ்டி அளவைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கத் திருகு ஒன்றில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துப் படமெடுத்து வைத்தால், யாராவது திறந்தார்களா என்பது பார்த்ததும் தெரியும். "வாங்கிட்டுப் போனதும் ரேம் பாதிதான் இருந்துச்சு" என்று மறுநாள் சண்டைக்கு வருகிறவரிடம் காட்டவும் அந்தப் படம் உதவும்.

முழுத் தொகையும் ஏறிய பிறகே போனிலிருக்கும் கணக்குகளை நீக்குங்கள். ஐபோனில் ஃபைண்ட் மை வசதியை அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் உள்ளே போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அதன்பின் ஃபேக்டரி ரீசெட். நீக்காமல் ரீசெட் செய்தால் போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம், வாங்கியவர் இரவு 11 மணிக்கு உங்களை எழுப்புவார். "இப்ப 80 சதவீதம் தரேன், லாக்கை எடுத்துடுங்க, மீதி நாளைக்கு" என்பவருக்கு லாக்கை எடுக்காதீர்கள்.

கூரியரில் அனுப்பச் சொல்லும் தெரியாத ஆளுக்கு என் பதில் எப்போதும் மறுப்புதான். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்று தோன்றினால், பழைய பொருள் எடுக்கும் கடையிலோ எக்ஸ்சேஞ்சிலோ கொடுத்துவிடுங்கள். விலை குறையும். ஒரே ஒரு போன் விற்கப்போகிறவருக்கு அந்தக் குறைவு நியாயமானது என்பேன். 10 லேப்டாப் விற்க வேண்டியவருக்குக் கட்டுப்படியாகாது.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. 1930-ஐ அழையுங்கள், அல்லது மத்திய உள்துறையின் சைபர் கிரைம் இணையதளத்தில் பதியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு. கையோடு வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நம் கவனக்குறைவால் விவரங்களைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நம் அனுமதியில்லாமல் நடக்கும் பரிவர்த்தனையின் இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு என்றது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு சுற்றறிக்கை. தெரிவித்த நேரத்துக்குச் சான்று இருப்பது அதனால்தான் முக்கியம்.

வங்கியின் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்புறம் இருக்கிறது. ஏமாந்தவர்களின் எண்ணுக்குச் சில நாளில் இன்னொரு அழைப்பு வரும், "சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க பணத்தை மீட்டுட்டோம், பிராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று. 1930-இல் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.