டெண்டர் பொய்களும் அவற்றைப் பற்றிய பொய்களும்

அரசு டெண்டரில் இரண்டாவதாக வந்து ஆர்டரைக் கைநழுவ விட்ட ஒருவரிடம் பேசிப் பாருங்கள். "எல்-1 வெச்ச பேப்பர் மொத்தமும் டூப்ளிகேட் சார். கேஸ் போட்டா ஆர்டர் நமக்குத்தான்" என்பார். எல்-1 என்றால் மிகக் குறைந்த விலை கேட்டவர், எல்-2 அடுத்தவர். ஆர்டர் வாங்கியவரோ, "எல்லாத்துலயும் சீல் இருக்கு, யார் என்ன பண்ண முடியும்?" என்பார். இருவர் சொல்வதும் தவறு. மருந்து, சீருடைத் துணி, பள்ளி மேசை, கணினி என்று அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தங்களில், டெண்டர் போட்டவர் சொன்ன பொய்யால் கிளம்பும் தகராறுகள் நீதிமன்றம்வரை போகின்றன. போன பிறகு பல நேரம் அந்தப் பொய்யைப் பற்றிப் பேச்சே எழாமல் வழக்கு முடிந்துவிடுகிறது. ஏன் என்று புரிய, புழக்கத்தில் உள்ள சில நம்பிக்கைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"சீலும் கையெழுத்தும் இருந்தால் ஆவணம் உண்மைதான்"

டெண்டரில் தகுதியைக் காட்டும் தொழில்நுட்ப உறைக்குள் வழக்கமாகப் போகும் காகிதங்கள் சிலதான். சில ஆண்டுகளுக்கான விற்றுமுதல் சான்று, முன்பு எங்கோ இதே பொருளை வழங்கியதற்கான அனுபவச் சான்று, தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம், முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதம், 'எங்களை எவரும் கருப்புப் பட்டியலில் வைக்கவில்லை' என்ற உறுதிமொழி.

விற்றுமுதல் சான்றை எடுத்துக்கொள்வோம். ஆடிட்டரின் சீலைவிட முக்கியமானது அதில் இருக்கும் 18 இலக்க அடையாள எண். யூடிஐஎன் என்பார்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு ஆடிட்டரின் உறுப்பினர் எண், மீதிப் பத்து கணினி போடுவது. ஆடிட்டர் தரும் சான்றுகளுக்கு 2019 பிப்ரவரி 1 முதல் இது கட்டாயம். பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு எவரும் சரிபார்க்கலாம். ஆடிட்டர் பெயரில் யார் யாரோ சான்று அடித்துக் கொடுத்ததால்தான் இந்த ஏற்பாடே வந்தது. சரிபார்க்கும் வேலைக்குச் சில நிமிடம் போதும். அதைச் செய்யாத அலுவலகம் பிறகு 'ஏமாந்துவிட்டோம்' என்று சொல்லும்போது எனக்கு அவ்வளவாக இரக்கம் வருவதில்லை. அனுபவச் சான்றுக்கு இப்படிப் பொதுவான எண் எதுவும் கிடையாது. சான்று கொடுத்ததாகச் சொல்லப்படும் அலுவலகத்துக்கே எழுதிக் கேட்க வேண்டும். டெண்டர் போட்டவர் அந்தச் சான்றிலேயே கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

வங்கி உத்தரவாதமும் தப்பவில்லை. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி நிலையங்களுக்காக மத்திய அரசு நிறுவனமான இந்திய சூரிய ஆற்றல் கழகம் 2024-இல் விட்ட டெண்டரில், ரிலையன்ஸ் பவரின் துணை நிறுவனம் ஒன்று வெளிநாட்டு வங்கி ஒன்றின் மணிலா கிளை பெயரில் உத்தரவாதம் வைத்தது. அந்த வங்கியின் இந்தியப் பிரிவிடம் கேட்டபோது, மணிலாவில் அப்படிக் கிளையே இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் மின்னணு ஏலம் முடிந்திருந்தது. டெண்டரையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நவம்பரில் கழகம் தடை உத்தரவு போட்டது. தாங்களும் மூன்றாம் நபரிடம் ஏமாந்தவர்கள்தான் என்று நிறுவனம் சொன்னது. அதே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் தடைக்கு இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பரில் தாய் நிறுவனத்தின் மீதான உத்தரவைக் கழகமே திரும்பப் பெற்றது. போலி உத்தரவாதம் என்று தெரிந்த பிறகும், யாரைத் தண்டிக்கலாம், துணை நிறுவனம் வைத்த காகிதத்துக்குத் தாய் நிறுவனத்தைத் தடை செய்யலாமா என்ற கேள்விகள் மிச்சம் இருந்தன.

"பொய் பிடிபட்டால் நேரே கருப்புப் பட்டியல்தான்"

பரவலான நம்பிக்கை இது. அதிகாரிகளே நம்புவதால் அரசுக்கு அதிக நஷ்டம் தருவதும் இதுதான்.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 175-ஆவது விதி நேர்மை நெறியைச் சொல்கிறது. டெண்டரில் கலந்துகொள்ளவோ ஒப்பந்தத்தைப் பெறவோ பொய்த் தகவல் கொடுப்பது அந்த நெறியை மீறுவது. மீறியவரை 151-ஆவது விதிப்படி அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குத் தடை செய்யலாம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனையே பெற்றவர் என்றால் மூன்று ஆண்டுவரை. தன் பக்கத்தைச் சொல்ல உரிய வாய்ப்பு கொடுக்காமல் எவரையும் தடை செய்யக்கூடாது என்பதும் அதே 151-இல்தான் இருக்கிறது. தகராறெல்லாம் அந்தக் கடைசி வரியில்தான்.

கருப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் 1974-லேயே சொல்லிவிட்டது. 2014-இல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் இன்னும் ஒரு படி போனது. நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் போதாது, 'உங்களைக் கருப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்துள்ளோம்' என்பது அந்த நோட்டீஸில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது. 2020-இல் இந்திய உணவுக் கழகம் இதே இடத்தில் இடறியது. காவலாளி வேலைக்கான தேர்வு நடத்தக் கழகம் நியமித்த ஒரு நிறுவனத்தின் ஊழியர் வினாத்தாளைக் கசியவிட்டதாகக் குற்றச்சாட்டு. நோட்டீஸ் போனது, பதில் வந்தது, ஐந்து ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. ஆனால் நோட்டீஸில் கருப்புப் பட்டியல் என்ற பேச்சே இல்லை. தடை ரத்து. வினாத்தாள் உண்மையில் கசிந்ததா என்ற கேள்விக்கு நீதிமன்றம் போகவே வேண்டியிருக்கவில்லை.

'கீழ்க்காணும் குறைபாடுகளுக்கு ஏன் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும்' என்று அலுவலகங்களில் ஒரு பழைய மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கோப்பில் அதைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முகம் மலரும். என்ன நடவடிக்கை என்று அதில் இல்லையே! போலிச் சான்று வைத்தவர் அந்த ஒரே வரியால் தப்பித்து, அடுத்த டெண்டரில் 'நாங்கள் கருப்புப் பட்டியலில் இல்லை' என்று உறுதிமொழி கொடுப்பார். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

வாழ்நாள் தடையும் எளிதில் நிற்காது. பி.எஸ்.என்.எல். ஒரு நிறுவனத்தை நிரந்தரமாக ஒதுக்கியபோது, குற்றத்துக்கு ஏற்ற அளவில் காலம் குறிக்க வேண்டும் என்று குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

"பொய் சொல்லி வாங்கிய ஒப்பந்தம் தானாகவே செல்லாது"

தானாக எதுவும் ஆகாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு மோசடி, 18-ஆவது பிரிவு தவறான தகவல். வேண்டுமென்றே சொன்ன பொய் முதலாவதில் வரும். நம்பிச் சொன்னது தவறாகப் போயிருந்தால் இரண்டாவதில் வரும். இரண்டிலும் பாதிக்கப்பட்ட தரப்பு விரும்பினால் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம் என்கிறது 19-ஆவது பிரிவு. விரும்பாவிட்டால் ஒப்பந்தம் தொடரும். பாதி மேசை வந்து இறங்கிவிட்டது, பள்ளி திறக்க ஒரு மாதம்கூட இல்லை என்ற நிலையில் துறை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவா வேண்டும்? விலக்கினாலும் அதுவரை பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 64-ஆவது பிரிவு இருக்கிறது.

19-இலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காரணம் காட்டி விலக முடியாது. உண்மையை மறைத்துப் பேசாமல் இருந்த மோசடிக்கும் இது பொருந்தும். வாய்விட்டுச் சொன்ன பச்சைப் பொய்க்கு இந்தத் தஞ்சம் கிடையாது. ஆக, இணையதளத்தில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்காத சோம்பல் பிறகு வாதத்திலும் வந்து நிற்கும்.

போலி ஆவணம் தயாரித்ததற்குக் குற்ற வழக்கு தனி. மோசடிக்கும் போலி ஆவணத்துக்கும் 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள். அந்த வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். தடை நடவடிக்கை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

"தகுதியில்லை என்று தள்ளினால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தம்"

இல்லவே இல்லை. நவோதயா வித்யாலயா சமிதி மாணவர்களுக்காக 68,940 டேப்லெட் வாங்க டெண்டர் விட்டது. இதே வகை அல்லது ஒத்த வகைப் பொருளை முன்பு வழங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நிறுவனம் ஸ்மார்ட்போன் வழங்கிய அனுபவத்தைக் காட்டியது. சமிதி ஏற்கவில்லை. ஸ்மார்ட்போனும் ஒத்த வகைதான் என்றது தில்லி உயர் நீதிமன்றம். டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்குத்தான் அதன் பொருள் நன்றாகத் தெரியும் என்று சொல்லி 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒரு வார்த்தைக்கு இருவர் இரு பொருள் கொண்டார்கள், அவ்வளவே.

எதிர்த்திசையில் 1991-ஆம் ஆண்டு பொத்தார் ஸ்டீல் வழக்கு இருக்கிறது. வாரணாசி டீசல் எஞ்சின் ஆலையின் பழைய இரும்பு டெண்டரில், முன்வைப்புத் தொகையைப் பணமாகவோ ஸ்டேட் வங்கி டிராப்டாகவோ கேட்டிருந்தார்கள். ஒருவர் வேறொரு வங்கியின் உறுதி செய்யப்பட்ட காசோலையை வைத்தார். அது பெரிய குற்றமில்லை, ஆலை விட்டுக்கொடுத்தது சரிதான் என்றது உச்ச நீதிமன்றம். குறையை மன்னிக்கலாம். பொய்யை அப்படி மன்னிக்க முடியாது.

"உள்நாட்டுத் தயாரிப்பு என்பது சும்மா ஒரு சுயச் சான்றுதானே"

மேக் இன் இந்தியா முன்னுரிமை ஆணைப்படி, பொருளின் மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டில் சேர்ந்தது என்றால் முதல் வகுப்பு வழங்குநர், 20 சதவீதமாவது இருந்தால் இரண்டாம் வகுப்பு. 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு ஆடிட்டர் சான்றும் வேண்டும். இறக்குமதிப் பொருளை விற்பவர் சிலர் லாரி வாடகை, காப்பீடு, பொருத்தும் செலவு, ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டி 50-ஐத் தொட்டுவிடுவார்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று மத்திய அரசு 2021 மார்ச்சில் தெளிவுபடுத்திவிட்டது. பொய்ச் சான்றுக்கு முன்சொன்ன இரண்டு ஆண்டுத் தடை பொருந்தும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கும் வியாபாரிகள் சிறு தொழில் சலுகை கேட்பதும் இதே ரகம். 2021-இல் அவர்களுக்குத் தரப்பட்ட பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான்.

"எல்-1 தோற்றால் ஆர்டர் எல்-2-வுக்கு"

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பலர் அந்தப் பத்து நாளையும் முறையீடு தட்டச்சாகி வருவதற்குள் கழித்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும், 1994-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களின் செல்போன் உரிமம் தொடர்பான டாடா செல்லுலார் வழக்கு வகுத்த எல்லை நிற்கிறது. முடிவு எடுத்த விதத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும், முடிவையே அல்ல. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், வேலையை நிறுத்தி வைப்பதைவிட இழப்பீட்டுக்கு வழிவிடுவதே மேல் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இத்தனையும் தாண்டி எல்-1 வைத்த பொய் நிரூபணமாகி அவர் வெளியேறினாலும், ஆர்டர் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வராது. எல்-1 பின்வாங்கினால் மறு டெண்டர் என்பதே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் சொல்லும் வழி. அந்த மறு டெண்டருக்கு எல்-2 போய் நிற்கும்போது, முதல் முறை அவர் கேட்ட விலை போட்டியாளர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.