பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் பலம்

வீரபாண்டியில் வாழும் நமக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட் புதிதன்று. வெட்டு மேசையில் மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. சில எந்திரம் துடைக்கப் பயன்படும். சில மீண்டும் நூலாகும். அந்தத் துண்டுகளுக்குள் எஃகோடு போட்டியிடும் பொருள் ஒன்று உறங்குகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அதன் பெயர் செல்லுலோஸ். 1838-இல் பிரெஞ்சு நாட்டு அன்செல்ம் பாயன் என்பவர் இதைத் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இதுவே. ஒரு பஞ்சிழையைப் பிரித்துக்கொண்டே போனால், 100 நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள நுண்ணிழைகள் கிடைக்கும். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கே கொண்ட இவ்விழைகள், எடைக்கு எடை பார்த்தால் எஃகையே மிஞ்சும் வலிமையுள்ளவை.

நம் பாட்டிமார் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள். அரைக்க அரைக்க இழை பிரியும். நீர் வற்றும்போது இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். வெந்தயப் பசை மேலும் பிணைக்கும். இழையும் பசையும் சேர்ந்த கலப்புப் பொருள் என்பது இதுதான்! ஆட்டுக்கல்லின் இடத்தில் இன்று உயர் அழுத்த எந்திரம் நிற்கிறது. மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் முன்னோடி ஆலையை 2015-இல் தொடங்கியது. எட்டு மணி நேர ஷிப்டுக்குப் பத்துக் கிலோ அதன் திறன்.

பத்துக் கிலோதானா என்று கேட்கத் தோன்றும். கூடையை உறுதியாக்கிய அதே குணம் இங்கே இடையூறாகிறது. நுண்ணிழைகளை உலர்த்தினால் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். பிறகு பிரிவது கடினம். நீரை விரும்பும் இவை, நீரை வெறுக்கும் பிளாஸ்டிக்கோடு எளிதில் கலப்பதும் இல்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் இழையின் மேற்பரப்பை முதலில் வேதிமுறையில் மாற்றி, பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பிசையும்போதே அதை நுண்ணிழையாகப் பிரியவைத்தார்கள். அவர்கள் முன்னின்று உருவாக்கிய மாதிரிக் கார் 2019 டோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் பானட் உள்ளிட்ட பாகங்களில் தாவர இழை இருந்தது. செலவுதான் இன்னும் பெருந்தடை.

நம் ஊர்க் கட்டிங்கும் இதற்கு ஆகுமா? வெள்ளைப் பருத்தியானால் ஆகும். சாயமிட்டதிலோ முதலில் சாயத்தை நீக்க வேண்டும். பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்திருந்தால் வேலை இரட்டிப்பு. ஆகவே, துண்டுகளை வகை பிரித்து மூட்டை கட்டும் பெண்களின் கையில்தான் இதன் முதல் படி இருக்கிறது. வெள்ளைக் கட்டிங்குக்குக் கலர் கட்டிங்கைவிட இப்போதே விலை கூடுதல்.