சேமிப்பு வலை சுவிட்சின் மூன்று முகவரிகள்

நம் சங்கத்துப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் கணினி மையங்களில் இரவுப் பணி பார்க்கிறார்கள். பொங்கல் விழாவில் அவர்களில் ஒருவர், "மாமா, இந்த ஸ்டோரேஜ் சுவிட்சுக்கு எத்தனை அட்ரஸ்தான் இருக்கிறது?" என்று அலுத்துக்கொண்டார். நான் டிப்ளமோ படித்த காலத்தில் இந்தப் பெட்டியே கிடையாது. ரயில்வே தொலைத்தொடர்புப் பிரிவில் கடைசிச் சில ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கணினிகளையும் வட்டுப் பெட்டிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது ஃபைபர் சேனல் சுவிட்ச். இதில் முதல் முகவரி, தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட 64 பிட் உலகப் பெயர். சரக்கு வேகனின் 11 இலக்க எண்ணைப் போல, எங்கே போனாலும் மாறாது. இரண்டாவது, அந்த வேகன் இன்று எந்த ஸ்டேஷனில் எந்தப் பாதையில் நிற்கிறது என்பது போன்றது. 24 பிட், மூன்று பகுதிகள். 010500 என்றால் முதல் 01 சுவிட்சின் டொமைன் எண், நடுவில் உள்ள 05 பெரும்பாலும் போர்ட்டைக் குறிக்கும். டொமைன் எண் 1 முதல் 239 வரை இருக்கலாம். ஒரே வலைக்குள் இரு சுவிட்சுகளுக்கு ஒரே எண் கூடாது.

இங்கேதான் நான் விழுந்தேன். ஓர் இரவு, புதிய சுவிட்சைப் பழையதோடு இணைத்தேன். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டிலும் டொமைன் எண் 1. கேபிள் சரியாக இருந்தும் வலை ஒன்று சேரவில்லை. 'செக்மென்டட்' என்று காட்டியது. அதுவரை நஷ்டம் ஒன்றுமில்லை. எண்ணை மாற்றச் சுவிட்சை நிறுத்தியாக வேண்டும். திரையில் இரண்டு ஜன்னல்கள். இரண்டு சுவிட்சுகளுக்கும் தொழிற்சாலை வைத்த அதே பெயர். புதியதை விட்டுவிட்டுப் பழையதை நிறுத்தி எண்ணை 2 ஆக்கிவிட்டேன்! அதில் தொங்கிய எல்லா வட்டுகளின் முகவரியும் 01 போய் 02 ஆனது. பழைய யுனிக்ஸ் கணினி ஒன்று அந்த முகவரியை வைத்தே வட்டைத் தேடும் ரகம். காலையில் சம்பளப் பட்டியல் ஓட வேண்டிய கணினி அது. காரணம் புரியவே மூன்று மணி நேரம் பிடித்தது. மீண்டும் 1 என்று வைத்ததும் வட்டுகள் திரும்பின. அதன்பிறகு புதியதை 2 ஆக்கினேன்.

ஆகவே முதலில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனிப் பெயர் வையுங்கள். புதியதற்குக் கேபிள் போடும் முன்பே எண்ணைக் கொடுங்கள். பிராகேட் சுவிட்சானால் 'ஸ்விட்ச்டிஸேபிள்', பிறகு 'கான்ஃபிகர்', முடிந்ததும் 'ஸ்விட்ச்எனேபிள்'. 'ஃபேப்ரிக்ஷோ' போட்டுச் சரிபாருங்கள்.

மூன்றாவது, நிர்வாகத்துக்கான ஐபி முகவரி. வட்டுத் தரவு இந்த வழியில் போவதில்லை. ஆகவே இது தவறினாலும் வட்டுகள் ஓடும், நம்மால்தான் உள்ளே நுழைய முடியாது. பிராகேட்டின் பழைய மாடல்கள் 10.77.77.77 என்ற ஐபியுடன் வரும். சீரியல் கேபிளில் 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என வைத்து நுழைந்து, 'ஐபிஅட்ர்செட்' கட்டளையால் மாற்றலாம். முகவரி 192.168.10.21, மாஸ்க் 255.255.255.0 என்றால் கேட்வே 192.168.10.1 போல அதே வரிசையில் இருக்க வேண்டும். கேட்வே தவறினால் அதே வரிசைக் கணினிக்குப் பதில் சொல்லும், அடுத்த கட்டடத்துக்குச் சொல்லாது. பலர் கேபிளைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான்.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வரலாம். பென்சிலும் காகிதமும் போதும்.