குதிரைமொழித் தேரியிற் கண்டதும் கற்றதும்

மணற்குன்று காண விழைவோர் மார்வாரத்தை நினைப்பர். திருச்செந்தூருக்கு மேற்கே, கடலுக்கு அணித்தாகவே, செம்மணற் குன்றுகள் அலையலையாய்க் கிடத்தலை அறிந்தார் சிலரே. அவற்றை அந்நாட்டார் ‘தேரி’ என்பர். அவற்றுட் பெயர்பெற்ற குதிரைமொழித் தேரியைக் காண, ஆனித் திங்களில் ஒருநாள் வைகறையில் மாணவர் அறுவர் புறப்பட்டோம்.

தேரி உண்டானது எங்ஙனம்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, மேற்கேயுள்ள செம்மண் நிலத்தை அரித்து வாரிக்கொணர்ந்து குவித்தது என்பர் ஒரு சாரார். கடல் பின்வாங்கிய காலத்தில் வெளிப்பட்ட மணலும் அதிற் கலந்தது என்பர் மற்றொரு சாரார். மணியொவ்வொன்றும் உண்மையில் வெண்பளிங்கே; அதன்மேற் படிந்த இரும்புத் துருவே அச்செந்நிறம். காற்று வரும் பக்கம் சரிவு மெல்லியது. மறுபக்கமோ, மணல் சரியாது நிற்கக்கூடிய எல்லையாகிய ஏறக்குறைய 34 பாகை வரை செங்குத்தாகும். நாம் அறியாமையால் அப்பக்கமே ஏறி, ஓரடி வைத்து அரையடி சறுக்கினோம்.

உச்சிப் பொழுதிற் காற்று வலுத்தது. திரும்பி நோக்கினால் நம் அடிச்சுவடுகள் ஒன்றுமில்லை! எத்திசையும் ஒரே செம்மை. கொணர்ந்த நீரும் தீர்ந்தது. அச்சம் மேலிட்டு நின்றோம். தொலைவில் ஒரு பனங்கூட்டத்தைக் கண்டு அதனை நோக்கி நடந்தோம். அங்கிருந்த பனையேறும் பெரியவர் ஒருவர் ஓலைப் பட்டையில் பதனீர் வார்த்து, “தம்பிமாரே, அலைய வேண்டாம், காற்றைப் பிடரியில் வாங்கிக்கொண்டு நடவுங்கள், ஊர் வந்துவிடும்” என்றார். அவ்வாறே வந்தது. நம் வழியை அழித்த காற்றே வழிகாட்டியும் ஆயிற்று.

வறண்டதெனத் தோன்றும் தேரி உண்மையில் ஒரு நீர்ப்பெட்டகம். பெய்த மழையை உறிஞ்சி வைத்துத் தாழ்விடங்களிற் சுனையாகக் கசியவிடும். அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிற் சுனை இதற்குச் சான்று. பனையும் உடையும் கொல்லாமரமும் வேரூன்றிய இடத்தில் மணல் அடங்கிக் கிடக்கிறது. அவை அழிந்த இடத்தில் மீண்டும் நடக்கத் தொடங்குகிறது. பண்டை மக்களும் இங்கு வாழ்ந்தனர். அவர்தம் சிறு கற்கருவிகளைப் பற்றி ஸோய்னர், ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் 1956-இல் விரிவாக எழுதினர்.

செல்ல விழையும் நண்பர் விடியலிற் செல்க. நீர் மிகுதியாய்க் கொள்க. அவ்வூரார் ஒருவரைத் துணைக்கொள்க. மணலிற் கற்கருவி தென்படின் கண்டு மகிழ்ந்து, கிடந்த இடத்திலேயே விட்டு வருக. இடம் பெயர்ந்த கல் தன் வரலாற்றை இழந்துவிடும். பூகோள நூலைப் பலகாற் படித்த நமக்குக் காற்றின் திசை பயன்படவில்லை. நாள்தோறும் பனையேறியவருக்குப் பயன்பட்டது. இதுவே அன்று நாம் கற்ற பாடம்.